தலைவி, தோழி, போர்மேன்

சென்ற கல்வியாண்டில், இரண்டாமாண்டு மாணவிகளுக்கு ‘மாறிவரும் பணியிடத்தில் தலைமைத்துவத் திறன்கள்’ என்ற தாளை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. வணிகவியல் துறையில் ஆள் போதவில்லை. எனக்கு வாரக் கணக்கில் மூன்று மணி நேரம் குறைந்தது. கால அட்டவணை போடுகிறவர் இரண்டையும் சேர்த்துக் கணக்கை நேர்செய்துவிட்டார். முனைவர் பட்டத்துக்குச் சங்க அகப்பாடல்களைப் படித்தவள், கணினித் திரையில் மலையுச்சியில் நின்று கையை உயர்த்தும் கோட்டு போட்ட மனிதனின் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். படத்துக்குக் கீழே பட்டியல். தெளிவாகப் பேசுதல், பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டல், உணர்வு நுண்ணறிவு, மாற்றத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தல், பொறுப்பைப் பகிர்தல், தொலைநோக்கு, விரைந்து முடிவெடுத்தல்.

வகுப்பில் அறுபத்திரண்டு பேர். உங்கள் வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போகிறார்களா என்று கேட்டேன். விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எத்தனை கை உயரும் என்று ஆசிரியைகளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பேன். அன்றைக்கு நாற்பத்தொரு கை.

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். “மேம், எங்கம்மா மருந்து சரியில்லன்னு சொன்னாங்க. போர்மேன் அண்ணன் கேக்கல. இதுல யாருக்குக் கம்யூனிகேஷன் ஸ்கில் இல்ல?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “அடுத்த வகுப்பில் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். விரைந்து முடிவெடுத்தல்!

இப்படிப்பட்ட பட்டியல்களில் ஒரு விஷயம் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. தலைவர் பேசுவார், மற்றவர் கேட்பார். ‘காது கொடுத்துக் கேட்டல்’ கூடத் தலைவர் மனமுவந்து செய்கிற தயவுதான். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பாடநூலில் ஒரு வரி கிடையாது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிற இடங்களை வைத்து எழுதிய நூல் அது. அங்கே கேட்காமல் விட்டால் ஒரு திட்டம் தள்ளிப்போகும், ஒரு வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார். மருந்து செலுத்தும் அறையில் கேட்காமல் விட்டால் அறையே இருக்காது.

‘தலைமை’ என்ற சொல்லைத் தமிழில் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் என்னை உறுத்தியது. மாணவர்களின் திறன் மேம்பாட்டுக்காக 2022இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் பெயர் ‘நான் முதல்வன்’. பெண்கள் கல்லூரியில் இந்தப் பெயரை நாளுக்குப் பத்து முறை உச்சரிக்கிறோம். விகுதி யாருக்கும் உறுத்துவதில்லை. ‘தலைவி’ என்று ஒரு சொல் இருக்கிறதே என்றால், தமிழ் இலக்கிய மாணவிக்கு அது காத்திருப்பவளின் பெயர். தலைவன் பொருள் தேடப் போவான், போருக்குப் போவான், பரத்தையிடம் போவான். தலைவி வீட்டில் இருப்பாள். தொல்காப்பியம் ‘கிழத்தி’ என்று சொல்கிறது. கிழமை என்றால் உரிமை; ஆகவே உரிமை உடையவள். உரைகளின் வழியே ‘தலைவி’ பழகிப்போய், உரிமை இருந்த சொல் வழக்கொழிந்தது. தலைமை வந்தது, உரிமை போனது என்று விளையாட்டாக வகுப்பில் சொல்வதுண்டு.

வேலை நடத்துகிறவள் தோழி. அவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அதாவது அந்த வீட்டில் உழைப்பவளின் மகள். தலைவியோடு சேர்ந்து ஆராய்வதற்கும் யோசனை சொல்வதற்கும் உரியவள். தலைவனிடம் பேரம் பேசுவாள், இரவில் வராதே வழி கொடியது என்பாள், எப்போது மணம் முடிப்பாய் என்று நெருக்குவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லக் கடினமான செய்தியைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வாள். அதற்கு இலக்கணத்தில் ஒரு துறையே வைத்திருக்கிறோம்: அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்லும் சங்கிலி. கீழே இருப்பவளுக்குத் தெரிந்த உண்மை முடிவெடுப்பவரிடம் போய்ச் சேரும் வழியை வரையறுத்து, அதற்கு ‘அறம்’ என்று பெயரும் வைத்த மரபு நம்முடையது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இந்தத் துறைதான். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பார்கள். நாங்கள் அதை எப்படி நடத்துகிறோம்? தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தேர்வுகளில் மதிப்பெண் அங்கேதான். இருபது வருடமாக நானும் அந்தப் பூக்களைத்தான் கேட்டுவந்திருக்கிறேன். அந்தப் பாட்டு, அபாயகரமான ஓர் உண்மையைக் கையில் வைத்திருக்கும் ஒரு பெண், அதிகாரம் உள்ள இன்னொரு பெண்ணிடம் அதை எப்படிக் கொண்டுபோய் வைக்கிறாள் என்பதன் கதை. கோபப்படாதே என்று முதலில் செவிலியைத் தணிக்கிறாள். என்ன நடந்தது என்பதை இடம், பொழுது, நாய், யானை விடாமல் வரிசையாகச் சொல்கிறாள். தன் நிலையைச் சொல்லும்போது, பகைகொண்ட இரண்டு பேரரசர்களுக்கு நடுவே சமாதானம் செய்ய நிற்கும் சான்றோரைப் போல இரண்டு பக்கத்துப் பயத்திலும் தவிக்கிறேன் என்கிறாள். அவளுக்குப் பயம் இருக்கிறது. பயத்தோடுதான் சொல்கிறாள். கோட்டுப் போட்டவனின் பட்டியலில் பயத்துக்கு இடமே இல்லை.

அந்த மாணவியின் அம்மாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பெயரும் ஊரும் எழுதப்போவதில்லை. சாத்தூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதை நெருங்கும் வயது. விரல் இடுக்குகளில் வெள்ளி நிறம். அலுமினியத் தூள் எத்தனை சோப்புப் போட்டாலும் அங்கே மட்டும் போகாது. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

மருந்து சரியில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மூத்திர நாத்தம் அடிக்கும் டீச்சர். கைய வச்சா காந்தும். ஈரம் எறங்கிட்டா அப்படித்தான்.”

அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் கலந்த கலவையில் ஈரம் பட்டால் மெல்ல வெப்பம் ஏறும், அமோனியா வெளியாகும். வேதியியல் துறையில் இருக்கும் தோழியிடம் கேட்டபோது அவர் அதைச் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். இந்த அம்மா ஐந்தாம் வகுப்பு. கருவி எதுவும் இல்லாமல் மூக்காலும் உள்ளங்கையாலும் அதையே சொல்கிறார். இருபத்தாறு வருட வேலையில் சேர்த்த அறிவு. அதை ஏற்றுச் சான்றிதழ் தர ஏற்பாடு கிடையாது. போர்மேனுக்குச் சான்றிதழ் உண்டு. போர்மேன் ஆண், ஒரு பெண் போர்மேனைக்கூட இவர் பார்த்ததில்லை. சொல்லிலேயே ‘மேன்’ இருக்கிறது என்பதை நான் சொல்ல, மகள் விளக்க, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

போர்மேனை வில்லனாக்கிவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். அந்த அம்மாதான் விடவில்லை. “அவரு என்ன செய்வாரு பாவம். கலவைய கொட்டிட்டா நட்டம் யாரு மேல விழும்? அண்ணாச்சிக்குப் பதில் சொல்லணும்ல.” விபத்து நடந்தால் முதலில் கைதாகிறவர்கள் பட்டியலில் போர்மேன் பெயர் இருக்கும். உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறு பலர் கையில் என்று இருக்கும் ஆலைகளில், மேலே யாரிடம் சொல்ல வேண்டும் என்பதே தெளிவில்லை. இரண்டு பயத்துக்கு நடுவே நிற்கிறார். ஆனால் தோழியைப் போல மேலே சொல்வதில்லை. கீழே பார்த்து, “வேலையைப் பாருங்க மதினி” என்கிறார். சங்கிலி அங்கே அறுகிறது.

அறுந்த பிறகு செய்தித்தாள் வருகிறது. வெடி விபத்துச் செய்திகளைத் தமிழ் வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன். ‘எதிர்பாராதவிதமாக ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்ற தொடர் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும். எழுவாய் எங்கே என்று கேட்பேன். உராய்வு தானாக ஏற்படுகிறது. யாரும் அதிக மருந்தைக் குவிக்கவில்லை, யாரும் மீந்த கலவையை மறுநாளைக்கு வைக்கவில்லை, யாரும் மரத்தடியில் உட்கார வைத்து வேலை வாங்கவில்லை. ‘எதிர்பாராதவிதமாக’ என்பது இன்னும் மோசம். எதிர்பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். நெடி அடிக்கிறது என்று காலையிலேயே சொன்னாள். வாக்கியத்தில் அவளுக்கு இடம் இல்லை. சில நேரம் அவளுக்கு எழுவாய் இடம் கிடைக்கும்: ‘பெண்கள் அவசர அவசரமாக வேலை செய்ததால்’. பீஸ் கணக்குக்குக் கூலி வைத்துவிட்டு, அவசரத்துக்குப் பெண்களைக் குறை சொல்வது!

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். மாணவிகள் வாங்கிவந்த கேக்கைத் துறையில் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதலிபட்டிச் செய்தி வந்தது. 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர்கள். உள்ளே இன்னும் மருந்து இருக்கிறது, கிட்ட வராதே என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு குரல் இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். பிறகு வந்த ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

முதலிபட்டிக்குப் பிறகு நான் ஒரு கவிதை எழுதினேன். ஒரு சிற்றிதழில் வந்தது. நல்ல கவிதை என்று பாராட்டினார்கள். இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அதில் ஒரு பெண் வருகிறாள். கருகிய வளையல் வருகிறது, டிபன் பெட்டி வருகிறது. அந்தப் பெண்ணுக்கு வாய் இல்லை. அவளுக்கு ஏதாவது தெரியும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. ராஜம் கிருஷ்ணன் ‘கூட்டுக் குஞ்சுகள்’ எழுதியதும், சலம் பென்னூர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் எடுத்ததும் இங்கே குழந்தைகள் தீப்பெட்டி அடைத்த காலத்தில். அந்தக் குழந்தைகளைப் பார்க்க வைத்ததே அன்று பெரிய காரியம். அந்தக் குழந்தைகளின் தலைமுறை இன்று என் மாணவிகளின் அம்மாக்கள். அவர்களை இன்னும் பரிதாபத்தின் மொழியிலேயே எழுதிக்கொண்டிருப்பது என்னைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம். இரங்கலில் கேள்விக்கு இடமில்லை. அறிந்தவள் என்று ஒத்துக்கொண்டால், ஏன் அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை என்ற கேள்வி வந்துவிடும்.

தாளின் தலைப்பில் ‘மாறிவரும் பணியிடம்’ என்று இருந்ததே, அந்த மாற்றம் சிவகாசிக்கும் வந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. உற்பத்தியாளர்கள் ஆலைகளை மூடினார்கள். மாதக்கணக்கில் வேலை இல்லை. பிறகு மத்திய அரசின் ‘நீரி’ ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளை உருவாக்கி, ஒப்பந்தம் செய்துகொண்ட உற்பத்தியாளர்களுக்குத் தந்தது. பச்சை ஒளி தருவது பேரியம். அதை எடுத்துவிட்ட பட்டாசுக்குப் பசுமைப் பட்டாசு என்று பெயர். இந்த முரண்பாட்டை முதலில் எனக்குச் சொன்னதும் அந்த அம்மாதான்: “பச்சைப் பட்டாசுன்னாங்க. பச்சைய எடுத்துட்டாங்க.”

சூத்திரம் முதலாளியிடம் வந்தது. அதைக் கையால் அள்ளுகிறவளிடம் என்ன வந்தது? ஆனைக்கூட்டத்தில் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது, பயிற்சிகள் நடக்கின்றன. இந்த அம்மா போனதில்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். புதுக் கலவை வந்த அன்று சாக்கில் வேறு எழுத்து இருந்தது, தூளின் கனம் வேறாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும். “பழைய மருந்து எங்களுக்குப் பழக்கம். எப்ப காந்தும், எப்ப நாறும்னு தெரியும். புதுசுக்கு அது பிடிபடணும்ல.” மாற்றத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தல் என்று என் பட்டியலில் இருப்பது இதுதான். ஆனால் பட்டியல் அதைத் தலைவரின் மனப்பக்குவமாகச் சொல்கிறது. இங்கே அது, சொல்லித்தர ஆளில்லாதபோது ஒரு பெண் தன் தோலைக் கொண்டு கற்றுக்கொள்வது.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சில வருடங்களுக்கு முன் ‘என் தெரு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி, தன் தெருவில் ஒரு வீட்டில் இரவு நேரத்தில் கதவை மூடிக்கொண்டு பட்டாசுக்கு மருந்து அடைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். உரிமம் இல்லாத வேலை. பக்கத்து வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள் இருப்பதையும் எழுதியிருந்தாள். நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். நல்லா எழுதியிருக்கே, இந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிடு, ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும் என்றேன். அவள் நல்லது என்றுதான் எடுத்துக்கொண்டாள். வேறு தாளில் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். கோயில் திருவிழா பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தாள். நான் கூடுதல் மதிப்பெண் போட்டேன்.

அந்த வீட்டில் எதுவும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. தலைவி தோழியிடம் சொல்லிவிட்டாள்; தோழி, பூக்களைப் பற்றி எழுது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கு என்ன பயம்? அவளுக்கு ஆபத்து என்று அப்போது சொல்லிக்கொண்டேன். கல்லூரியில் கேள்வி வரும், காவல் நிலையம் போக வேண்டிவரும் என்பதுதான் உண்மை. போர்மேனுக்கு இருந்ததைவிட என் பயம் மிகச் சிறியது.

மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர். அதே செப்டம்பர் 5, ஆனால் 2022இல் தொடங்கியது. பணம் வந்ததா என்று கேட்பார்கள். அவர் யார் என்று கேட்பதில்லை. இசைவேளாளர் குலத்தில் பிறந்து, தேவதாசி முறையை உள்ளிருந்தே அறிந்து, அறிந்ததை 1936இல் நாவலாக எழுதி வெளியே வைத்தவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர். வீட்டுக்குள் அடக்க வேண்டிய செய்தி என்று எல்லோரும் நினைத்ததைச் சொன்னவர். தலைமைத்துவத் தாளில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். பாடத்திட்டம் முடிவாகிவிட்டது என்றார்கள்.

சொல்கிற துணிவு மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்து நெருங்கியிருப்பதாக நியாயமாக அஞ்சும் தொழிலாளி, அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும் என்றது அது. அபாயகரமான தொழில்களுக்கான பிரிவு. எழுதிய மொழியில் பார்த்தால் அறத்தொடு நிற்றல்தான். ஆனால் தாளில் இருக்கும் உரிமைக்கு, அதைச் சொன்னவளை மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லாமல் தடுக்க ஒரு கூட்டம் தேவை.

மதுரையைத் தாண்டி, திண்டுக்கல்லில் அப்படி ஒரு கூட்டம் அமைந்தது. ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஒரு மேற்பார்வையாளர் மீது குற்றச்சாட்டு. தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டது. ஆலைத் தளத்திலேயே தொழிலாளிப் பெண்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். என்ன நடக்கிறது என்று மேலே சொல்வது அவர்கள் வேலை; சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒப்பந்தத்தை மீறினால் வியாபாரத்தில் கை வைக்க முடியும். சொல்கிறவள், சொல்வதற்குப் பாதுகாப்பு, கேட்காவிட்டால் விலை. இந்த மூன்றும் ஒரே தாளில் வந்ததுதான் அதன் பலம்.

சிவகாசிக்கு எச் அண்ட் எம் கிடையாது. பட்டாசை வாங்குகிறவர்கள் நாம்தான். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இருக்கும் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை, தீபாவளிக்கு முந்தைய நாள் பெட்டி வாங்குகிறவருக்குக் கிடையாது. ஆகவே அந்த மாதிரியை அப்படியே இங்கே நட முடியாது. ஆனால் ஒவ்வோர் அறையிலும் மூத்த பெண் ஒருவருக்கு, கலவையை நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமையும் அந்த நேரத்துக்கான கூலியும் எழுத்தில் கொடுத்தால் என்ன என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுவருகிறேன். பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி: “அதை வச்சு வேலைய ஏமாத்துனா?”

அந்த அம்மாவிடமும் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நடந்த ஒன்றைச் சொன்னார். மகள் வகுப்பில் கேட்டாளே, அந்த நாளின் மீதிக் கதை. போர்மேன் கேட்கவில்லை. இவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்து, கொஞ்ச தூரம் தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். எதுவும் பேசவில்லை. அந்த அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த அறைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். போர்மேன் சத்தம் போட்டார், கெஞ்சினார், போனில் யாரிடமோ பேசினார். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தக் கலவையை எடுத்துக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டார்கள்.

“மூணு பேரும் உங்க பின்னாடி வருவாங்கன்னு தெரியுமா?”

“தெரியாது. வரலைன்னாலும் நான் உள்ள போயிருக்க மாட்டேன்.”

“அன்னைக்குக் கூலி?”

“கூலி ஏது டீச்சர், வேலை செய்யலையே” என்றார். பிறகு, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார்.